சாம்பல் அட்டை

அன்று காலை இரண்டு திரைகளும் ஒத்துப்போகவில்லை.

மேசைமேல் அவளுடைய லேப்டாப்பும் அவள் கணவருடைய லேப்டாப்பும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. இரண்டிலும் ஒரே படம். மோவாய்க்குக் கீழே ஒரு சாம்பல் நிற அட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, சிரிக்காதீர்கள் என்று சொல்லியும் சிரித்துவிட்ட முகத்தோடு, அவர். நான்கு வருஷத்துக்கு முன்னால் மொட்டை மாடியில் அவளே எடுத்தது. வெயிலில் காது மடல்கள் சிவந்திருந்தன.

அவர்கள் இருவரும் செய்தது நிறம் பார்க்கும் வேலை. ஸ்டுடியோக்களிலிருந்து கல்யாணப் படங்கள் வரும், பள்ளிக்கூடப் படங்கள் வரும், பிறந்து கண் திறக்காத குழந்தைகளின் படங்கள் வரும். எல்லாவற்றிலும் தோலைத் தோலின் நிறத்துக்குக் கொண்டுவந்து அச்சுக்கு அனுப்ப வேண்டும். அவள் திருத்துவாள், கடைசியாக ஒருமுறை அவர் பார்ப்பார். அதனால் இரண்டு திரைகளும் ஒரே மாதிரி காட்டியாக வேண்டும். அவள் திரையில் லட்சணமாக இருக்கிற மணப்பெண் அவர் திரையில் காமாலைக்காரியாக இருந்தால் அந்த வாரம் முழுக்கச் சண்டைதான்.

"உன் ஸ்க்ரீன்ல நான் குடிச்சிட்டு வந்தவன் மாதிரி இருக்கேன்," என்றார் அவர்.

"உங்க ஸ்க்ரீன்ல ஒரு வாரம் காய்ச்சல்ல கிடந்தவர் மாதிரி இருக்கீங்க. அதுக்குக் குடிச்சவரே பரவாயில்ல."

"சரி, தவளையைக் கேப்போம்."

தவளை என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புக் கருவி. திரைமேல் அப்பிக்கொண்டு உட்கார்ந்து, அங்கே ஒன்றன்பின் ஒன்றாக மாறும் நிறங்களைப் படித்து, திரை எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்தும். அது சரிந்து விழாமலிருக்க அதன் வயரில் ஒரு சின்ன எடை உண்டு. எடை லேப்டாப் மூடியின் பின்பக்கம் தொங்கும். யாராவது மேசையை இடித்தால் ஆடி, டொக் என்று தட்டும். தவளை என்று பெயர் வைத்தது அவர்களுடைய மகள். மகளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு, ஆனால் வீட்டில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஏழு வயது.

தவளை வேலை செய்யும்போது அறையில் விளக்கு எரியக் கூடாது. ஜன்னலில் கனமான கறுப்புப் படுதாவை இழுத்துவிட வேண்டும். சுவருக்குச் சாம்பல் நிறம்தான். சிவப்புச் சட்டையோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் சட்டையின் நிறம் கண்ணாடியில் ஏறிக்கொள்ளும் என்பதால், கதவுக்குப் பின்னால் ஆணியில் சாம்பல் நிறச் சட்டைகள் இரண்டு, அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவருடைய அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலில் நின்றே எட்டிப் பார்த்து, "மனுஷங்க இருக்குற அறையா இது, மழை வரப்போற வானம் மாதிரி" என்பாள்.

"கண்ணை நம்பாதே," என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். "கண்ணு பழகிடும். மஞ்ச விளக்குல கொஞ்ச நேரம் உக்காந்தாப் போதும், அதுதான் வெள்ளைன்னு சாதிக்கும். முகமும் பொய் சொல்லும். அட்டையைப் பாரு. அட்டை சாம்பலா இருந்தா எல்லாம் சரி. அதுல துளி சிவப்பு தெரிஞ்சா ஸ்க்ரீன் கோளாறு."

தவளை தன் வேலையை முடித்து, இரண்டு திரைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணாகச் சொன்னது. ஒன்றுக்கும் கீழே.

"கண்ணுக்கே தெரியாத வித்தியாசம்," என்றார். "ரெண்டு பேருக்கும் ஜெயம்."

"பூஜ்யம்தான் வரவே மாட்டேங்குது."

"பூஜ்யம் வந்தா தவளை தூங்கிடுச்சுன்னு அர்த்தம். உலகத்துல எந்த ரெண்டு பொருளும் அச்சு அசலா ஒண்ணா இருக்காது."

சாம்பல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டார். அச்சகத்தில் மாதிரித் தாள்கள் தயாராக இருந்தன. "டீ போட்டு வை. ஆறுறதுக்குள்ள வந்துடுவேன்," என்று செருப்பை மாட்டியபடியே சொன்னார்.

பின்னால் பார்க்காமல் திரும்பிய ஒரு லாரி. அவ்வளவுதான் சொன்னார்கள்; அதற்குமேல் அவளும் கேட்கவில்லை.

அடையாளம் காட்டக் கூப்பிட்டபோது நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு அழுகை வரவில்லை. குழல் விளக்கின் கீழே அவருடைய கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் பழகிய மனம் தன் தொழிலை நிறுத்தவில்லை. சிவப்பு முழுக்கப் போயிருந்தது. உதட்டோரத்தில் நீலம். காது மடலில் மெழுகின் நிறம். விளக்கின் கோளாறாக இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது, அந்த ஒரு கணம் பெரிய ஆறுதலாக இருந்தது. யாராவது அவர் கையில் அந்த அட்டையைக் கொடுத்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். பிறகு வெள்ளைத் துணியை இழுத்து மூடினார்கள்.

அந்த அறைக்குள் மறுபடியும் போக அவளுக்கு இரண்டு மாதங்கள் ஆயின. வாலுவுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, ஸ்டுடியோக்காரர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள், எவ்வளவு நாள்தான் காத்திருப்பார்கள். ஒரு நாள் மகளை அனுப்பிவிட்டுக் கதவைத் தள்ளினாள். படுதா அன்றைக்கு மூடியது மூடியபடி இருந்தது. சூடாகி ஆறிய பிளாஸ்டிக்கின் வாசனை, திரை துடைக்கும் திரவத்தின் மருந்து நெடி, அதற்கெல்லாம் அடியில், ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து, துவைக்காத கழுத்துப்பட்டையின் வியர்வை. அதை மூக்கருகே கொண்டுபோகாமல் கடந்து போவதற்கே அவளுக்குத் தைரியம் வேண்டியிருந்தது.

அவருடைய லேப்டாப் மூடப்படாமல், வயர் மாட்டியபடியே இருந்தது. விசையைத் தொட்டதும் உள்ளே விசிறி ஒரு நீளமான மூச்சை விட்டுச் சுழன்றது. இருட்டிலிருந்து மெல்ல அவர் முகம் எழுந்துவந்தது. அட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வெகுநேரம் பார்த்தபடி இருந்தாள். பிறகு வேலை தொடங்க வேண்டுமே என்று தன் லேப்டாப்பைத் திறந்து, அதிலும் அதே படத்தை எடுத்து, வழக்கம்போலப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் திரையில் காது மடலில் சிவப்பு இல்லை.

முகம் முழுவதுமே ஒரு படி வெளிறியிருந்தது. சிரித்த உதடுகளின் ஓரத்தில், பென்சிலால் லேசாகத் தீட்டினாற்போல ஒரு நீலம். திரைகள் வயதானால் மஞ்சளிக்கும், பழைய காகிதம்போல. நீலம் பாரித்து அவள் பார்த்ததில்லை. தவளையை எடுத்து மாட்டினாள். இருட்டில் நிறங்கள் ஒவ்வொன்றாக வந்து சுவரில் விழுந்து போயின. எல்லாம் முடிந்து தவளை எண்ணைச் சொன்னது. ஒன்றுக்கும் கீழே. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்.

ஆனால் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

மறுநாள் இன்னும் கொஞ்சம். அதற்கு மறுநாள் இன்னும். திரை மாற்றித் தரும் கடைக்காரரை வரவழைத்தாள். அவர் படுதாவை விலக்கச் சொல்லி, இரண்டு லேப்டாப்புகளையும் அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"எது பழசுன்னு சொன்னீங்க, இதுவா? அக்கா, என் கடையில பெட்டி பிரிக்காத புதுசுகூட இவ்ளோ சுத்தமா இல்ல."

"முகத்தைப் பாருங்க."

"முகத்தை எதுக்குப் பாக்கணும், அட்டை இருக்கே. ரெண்டுலயும் கரெக்டா சாம்பலா இருக்கு. ஸ்க்ரீன் போயிருந்தா முதல்ல அட்டைதானே காட்டிக்குடுக்கும்? உங்க வீட்டுக்காரர் எனக்குக் கத்துக்குடுத்ததுதான்." சொல்லிவிட்டு அவர் குனிந்து முகத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ரொம்ப நேரம் பாத்துட்டே இருக்காதீங்கக்கா," என்றார். கருவிப் பையை மூடிக்கொண்டு, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த வாலு பையை முதுகில் சுமந்தபடியே அறைக்குள் வந்து இரண்டு திரைகளையும் பார்த்தாள். அம்மாவுடையதைத் தாண்டி அப்பாவுடையதற்கு முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, அப்பாவுக்குக் குளிருது."

யாரோ ஒருத்தியாவது பார்த்துவிட்டாள் என்ற நிம்மதியில் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் கன்னம் வெயிலில் நடந்துவந்து சுட்டது.

அன்று அவள் செய்ததை அவர் பார்த்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பார். தவளையைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டாள். மகளை மடியில் வைத்தபடியே, கண்ணால் பார்த்து, கையால், திரையின் சிவப்பை ஒரு இழை ஏற்றினாள். அந்தத் தொழிலில் அதைச் செய்யவே கூடாது. ஆனால் குளிரில் நிற்பவரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தொழில் தர்மம் பேச அவளால் முடியவில்லை. தன் திரையில் இருப்பது படம், அது அங்கேயே இருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. இந்தத் திரையில் இருப்பவருக்குத்தான் குளிர்கிறது.

ஒரு இழை ஏற்றியதும் உதட்டோரத்து நீலம் கொஞ்சம் பின்வாங்கியது.

அதன்பிறகு தினமும் காலையில் மகளை அனுப்பிவிட்டு அறைக்குள் போவதும், சாம்பல் சட்டையைப் போட்டுக்கொள்வதும், படுதாவை இழுத்துவிடுவதும், ஒரு இழை ஏற்றுவதும் வழக்கமாயிற்று. சிவப்பை ஏற்றும்போது அட்டையும் சிவக்கத்தான் வேண்டும், அது கண்ணில் பட்டால் கை நின்றுவிடும் என்று பயந்து, ஒரு காகிதத் துண்டை வெட்டி அட்டை இருக்கும் இடத்தில் திரைமேல் ஒட்டி மறைத்தாள். முகத்தை மட்டும் பார்த்தாள். முதலில் கன்னத்துக்கு வந்தது. பிறகு மூக்கு நுனிக்கு. காது மடல்களுக்கு வர வெகுநாள் ஆயிற்று. வந்த அன்று, மொட்டை மாடியின் வெயில் வாடை அந்த மூடிய அறைக்குள் வந்துபோனதுபோல இருந்தது. அவள் பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள். அழுது முடித்து நிமிர்ந்தபோது அவர் சிரித்தபடியே இருந்தார்.

மறுநாள் காலை வாலு பால் குடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. தம்ளரை இறக்கி வைத்துவிட்டு மேலுதட்டை நக்கினாள். பால் போன பிறகும் உதடு வெளுப்பாகவே இருந்தது.

"வாயைத் துடை."

"துடைச்சிட்டேனே."

துடைத்துத்தான் இருந்தாள்.

கண் பழகிவிட்டது, அவ்வளவுதான். அவர் சொன்னதுதானே. சிவப்பு ஏறிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் உலகத்தில் மற்றதெல்லாம் வெளிறித்தான் தெரியும். இரண்டு நாள் அறையைப் பூட்டி வைத்தாள். மரங்களைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். தக்காளி தக்காளியாக இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் சிவப்புத் துண்டு சிவப்பாக இருந்தது, எதிர்வீட்டுக் குழந்தை ரோஜாப்பூப்போல இருந்தது. வாலு மட்டும் அப்படியே இருந்தாள்.

நாத்தனாரை வீடியோ காலில் கூப்பிட்டு மகளைக் காட்டினாள்.

"அண்ணி, இவளைப் பாருங்களேன். வெளுத்த மாதிரி இல்ல?"

"நல்லாத்தானே இருக்கா. ஏய் வாலு, அத்தைக்கு நாக்கைக் காட்டாத, அறுத்துடுவேன். உனக்குத்தான் தூக்கம் இல்ல, கண்ணு உள்ள போயிருக்கு. பேசாம ரெண்டு பேரும் இங்க வந்து இருங்க."

போன் திரைகள் எல்லோரையும் அழகாகக் காட்டும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினாள். டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், விரல் நுனியில் ரத்தம் எடுத்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். "பழம் குடுங்க. வெயில்ல விளையாட விடுங்க." விரல் நுனியில் ரத்தம் வர வெகுநேரம் பிழிய வேண்டியிருந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மறுபடியும் அறையைத் திறந்தாள். ஒரு இழை ஏற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "எங்க அந்த நாக்கு நீட்டுறவ, கத்தி கொண்டு வந்திருக்கேன்," என்று குரல் கொடுத்தாள். வாலு உள்ளேயிருந்து ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். நாத்தனார் சிரித்துக்கொண்டே குனிந்து பிள்ளையின் முகத்தைக் கையால் நிமிர்த்தினாள்.

சிரிப்பு நின்றது.

கையை எடுத்து, தன் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஏன் துடைக்கிறோம் என்று தெரியாமலே துடைத்தாள்.

"என்ன இது," என்றாள் மெதுவாக. "பிள்ளை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கா? நான் அன்னிக்கு... அவனைத் தொட்டப்ப..."

நாத்தனார் வாலுவை மடியில் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அப்படியே தூங்கிப்போனது. அவள் மட்டும் அறைக்குள் போய் இழுப்பறையிலிருந்து தவளையை எடுத்தாள். திரையைப் படிப்பதுபோலவே காகிதத்தையும் தோலையும்கூடத் தவளை படிக்கும். முன்பு ஒரு மழை நாளில் விளையாட்டாக அவர் தன் கன்னத்திலும் அவள் கன்னத்திலும் மகள் கன்னத்திலும் தவளையை வைத்து மூன்று சதுரங்களாகச் சேமித்து வைத்திருந்தார். அப்பா, அம்மா, வாலு. வாலுவின் சதுரம்தான் மூன்றிலும் நன்றாக இருந்தது. பழுக்கத் தொடங்கிய பழம்போல, உள்ளிருந்து வெளிச்சம் வருவதுபோல. அதைப் பார்த்து வாலு, "நான் ஃபர்ஸ்ட்டு, அப்பா லாஸ்ட்டு" என்று ஒரு மணி நேரம் ஆடினாள்.

தன் லேப்டாப்பில் தவளையை மாட்டி முன்னறைக்குக் கொண்டுபோனாள். தூங்கும் பிள்ளையின் கன்னத்தில் வைத்தாள்.

"என்னடி பண்ற," என்றாள் நாத்தனார்.

"ஒண்ணுமில்லண்ணி. பாக்குறேன்."

திரையில் புதிய சதுரம் வந்தது.

அந்த நிறம் அவளுக்குத் தெரியும். குழல் விளக்கின் கீழே பார்த்தது.

நாத்தனாருக்குத் தெரியாமல் லேப்டாப்பை மூடினாள். அறைக்குத் திரும்பினாள். அவருடைய திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அதில் சிரித்துக்கொண்டிருந்த முகத்தின் கன்னத்தில் தவளையை வைத்தாள். டொக். எடை மூடியில் இடித்து அடங்கியது. படித்து முடித்ததும், அந்த நிறத்தைச் சேமித்து வைத்த பழைய சதுரங்களோடு ஒப்பிட்டாள். அப்பா என்ற சதுரத்தோடு ஒத்துப்போகவில்லை. எங்கோ தூரத்தில் இருந்தது. அம்மா என்ற சதுரத்தோடும் இல்லை.

வாலு என்ற சதுரத்தில் வைத்தாள்.

பூஜ்யம்.

தவளை தூங்கிவிட்டது. எடுத்து, துடைத்து, மறுபடியும் வைத்தாள்.

பூஜ்யம்.

திரைமேல் அவள் ஒட்டிய காகிதத் துண்டு அங்கேயே இருந்தது. ஓரம் சுருண்டிருந்தது. அதைப் பிய்ப்பதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டதுபோல இருந்தது. இத்தனை நாள் ஏற்றிய சிவப்புக்கு அந்த அட்டை இந்நேரம் செங்கல்போல ஆகியிருக்க வேண்டும். ஆகியிருந்தால் நல்லது. ஆகியிருக்கட்டும். நகத்தால் காகிதத்தின் மூலையைத் தூக்கினாள்.

சாம்பல்.

துளி சிவப்பு இல்லை. அவள் ஏற்றிய சிவப்பு எதுவும் திரைக்குப் போகவே இல்லை. முகத்துக்கு மட்டும் போயிருந்தது.

ஏற்றியதையெல்லாம் ஒரே அழுத்தில் இறக்கினாள். முகம் ஒரு நொடி அப்படியே இருந்தது. பிறகு காது மடலிலிருந்து தொடங்கியது. காது, கன்னம், மூக்கு, உதடு. அடுப்பு அணைந்தபின் கங்கு கறுப்பதுபோல. கடைசியில் மொட்டை மாடியில், வெயிலில், இறந்துபோன ஒருவர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று அவளைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு மட்டும் இறங்கவில்லை.

முன்னறையில் வாலு தூக்கத்தில் புரண்டு, "புழுக்கமா இருக்கு அத்தை," என்றாள்.

படத்தை அழிக்கப்போனாள். அழிக்கவா என்று லேப்டாப் கேட்டது. அவள் விரல் அந்தக் கேள்வியின் மேல் வெகுநேரம் நின்றது. வேண்டாம் என்று அழுத்தினாள். மூடியை மூடி, ஆணியிலிருந்து அவருடைய சாம்பல் சட்டையை எடுத்து, குளிருக்குப் பிள்ளையைச் சுற்றுவதுபோல லேப்டாப்பைச் சுற்றி, தவளையையும் அதனுள் வைத்து, முன்னறை அலமாரியின் மேல்தட்டில் கடைசியில் தள்ளினாள்.

சாயங்காலமே வாலுவின் உதட்டில் நிறம் தெரிந்தது. இரண்டு நாளில் கன்னத்துக்கு வந்தது. நாத்தனார் ஊருக்குக் கிளம்பும்போது, "என் கைராசி," என்று பெருமை அடித்துக்கொண்டாள். அந்த வாரத்தில் ஒரு நாள் வாலு தெருவில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுதபடி வந்தாள். ரத்தம் காலில் வழிந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டாள் அவள். "நான் அழறேன், நீ சிரிக்கிற," என்று மகள் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

"அப்பா லேப்டாப் எங்கம்மா?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கு."

"அப்பாவுக்கு இப்பவும் குளிருதா?"

"இல்லடா. இப்ப குளிரல."

மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். நம்பிவிட்டாள் என்றுதான் அவள் நினைத்தாள்.

நல்ல வெயில் அடித்த ஒரு பிற்பகல் அது. விடுமுறை நாள். வாலு முன்னறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். மகளை அங்கேயே விட்டுவிட்டு அவள் துணிகளை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டாள். அவரைப் படமெடுத்த இடம் வந்தபோது வாளியைக் கீழே வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரின் சூட்டில் உள்ளங்கைகளை வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களைப் பார்த்தபடி நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளால் பின்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவே இல்லை. காற்று நன்றாக இருந்தது. மனம் லேசாக இருந்தது. அது மட்டும் நினைவிருக்கிறது.

படியில் இறங்கும்போது கேட்டது.

டொக்.

முன்னறையில் வண்ணப் பென்சில்கள் சிதறிக் கிடந்தன. வரைந்த படத்தில் ஒரு வீடு. ஒரு சூரியன். நாற்காலி இருந்த இடத்தில் இல்லை. அலமாரிக்கு முன்னால் கிடந்தது. அதன்மேல் ஒரு தலையணை. தலையணைமேல் சின்னக் கால் தடம்.

அறைக் கதவு மூடியிருந்தது.

திறந்தாள். படுதா இழுத்துவிடப்பட்டிருந்தது. விசிறியின் நீளமான மூச்சு. சூடான பிளாஸ்டிக் வாசனை. கூடவே இன்னொரு வாசனை, வெயிலில் நின்ற தோலின் வாசனை. மேசைக்கு முன்னால், அவருடைய நாற்காலியில், அவருடைய சாம்பல் சட்டையைப் போட்டுக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கைகளை மடித்துவிட்டிருந்தாள். தவளையைத் திரையின் ஓரத்தில், படத்தில் வானம் இருக்கும் மூலையில், அப்பா மாட்டுவதுபோலவே மாட்டியிருந்தாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாள். அவர்கள் இருவரும் செய்ததைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

"லைட் போடாதம்மா," என்றாள் திரும்பாமலே. குரல் தூக்கக் கலக்கத்தில் வருவதுபோல வந்தது. "தவளை வேலை செய்யுது."

"வாலு. கையை எடு."

"அப்பாவுக்குக் குளிருதும்மா. நீ பொய் சொன்ன. ரொம்பக் குளிருது. கொஞ்சமாத்தான் ஏத்துனேன்."

"கையை எடுடா கண்ணு. அம்மாகிட்ட வா."

"போதுமாப்பான்னு கேட்டேன்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "சிரிச்சாரு. அப்புறமும் கேட்டேன். அப்பவும் சிரிச்சாரு."

திரையில் அவர் இருந்தார். காது மடல்கள் கனிந்து சிவந்திருந்தன. உதடுகள் ஈரமாக இருந்தன. மொட்டை மாடியில் அன்று இருந்ததைவிட, உயிரோடு இருந்த எந்த நாளில் இருந்ததைவிடவும், நன்றாக இருந்தார். அந்த முகத்தின் வெளிச்சம் சுவரில் விழுந்தது. மேசையில் விழுந்தது. மகளின் கைமேல் விழுந்தது.

கைமேல் விழுந்தும் கை சிவக்கவில்லை.

"வாலு."

மகள் மெல்லத் திரும்பினாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். சட்டையின் கழுத்துப்பட்டைக்கு மேலே கழுத்து இருந்தது, கழுத்துக்கு மேலே முகம் இருந்தது. சட்டை எங்கே முடிகிறது, பிள்ளை எங்கே தொடங்குகிறாள் என்று, வாழ்நாளெல்லாம் நிறம் பார்த்துப் பழகிய அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

எடை ஒருமுறை ஆடி நின்றது.

அவர் கையில் இருந்த அட்டை மட்டும், அன்று மாடியில் எப்படி இருந்ததோ அப்படியே, துளியும் பிசகாத சாம்பல் நிறத்தில் இருந்தது.